மின்தடைக்குப் பிறகும் நிலைக்க வேண்டிய கர்னல் அமைப்புகள்: ஒரு கடைத்தெரு கேட்வே பழுதுபார்த்த பதிவு

பினாங்கு கடைத்தெருவில் மளிகைச் சாமான்களை மொத்தமாக விற்கும் ஒரு கடை. கீழே வியாபாரம், மாடியில் கணக்கு அறை, பின்கட்டில் கிடங்கு. மூன்றையும் இணையத்தோடு சேர்த்து வைப்பது மாடிப்படிக்கு அடியில் உள்ள ஒரு சிறிய கணினி. லினக்ஸ் வகை இயங்குதளமான டெபியன் 13 ஓடும் அந்தக் கணினியில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் உள்ளன. ஒன்று இணையச் சேவைப் பெட்டியோடும் மற்றொன்று கடையின் சுவிட்சோடும் இணைந்திருக்கின்றன. பில் போடும் கணினிகள், ஐபி தொலைபேசிகள், கண்காணிப்புக் கேமராக்கள் எல்லாம் 'கேட்வே' எனப்படும் இந்த ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே போய் வர வேண்டும்.

பினாங்கின் பிற்பகல் மழை இடியோடு வரும். பழைய கடைவீடுகளில் ஓர் இடி இடித்தாலே மின்கசிவுத் தடுப்பான் விழுந்துவிடும். முதலாளி நிலைமையைத் தெளிவாகவே விளக்கினார்: "சுவிட்சை ஏற்றிவிட்டால் விளக்கு எரிகிறது தம்பி, பனிப்பெட்டி ஓடுகிறது, இந்தக் கணினியும் தானே எழுந்துவிடுகிறது. ஆனால் பில் போவதில்லை, போன் வருவதில்லை. ஆள் வந்து ஏதோ தட்டிவிட்டுப் போவார், சரியாகிவிடும். அடுத்த இடிக்கு மறுபடியும் இதே கதை."

எந்த ஒரு தகவலை வைத்துத் தேட வேண்டுமோ அதை அவர் சொல்லிவிட்டார். தட்டினால் சரியாகிறது, கணினி மறுபடி எழுந்தால் கெட்டுப்போகிறது. வன்பொருள் கெட்டிருந்தால் இப்படி ஒழுங்காகக் கெட்டு ஒழுங்காகச் சரியாகாது. யாரோ இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு ஓர் உத்தரவு கொடுக்கிறார்கள், அந்த உத்தரவு மறுதொடக்கத்தைத் தாண்டுவதில்லை. வருமான வரி வாரியத்தின் மின்விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்ட்டில் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கிப் படிப்படியாக விரிந்த மலேசியாவில், மொத்தக் கடைக்கு இணையம் அறுந்து கிடப்பது சின்ன விஷயமன்று.

முதலில் பழுதை இருக்கிற நிலையிலேயே பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஆகவே அடுத்த மின்தடைக்குப் பிறகு எதையும் தொடாமல் எனக்குத் தகவல் சொன்னார்கள். கேட்வே கணினியில் உட்கார்ந்து வெளியே பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) அனுப்பினால் பதில் வந்தது. கணக்கு அறையின் கணினியிலிருந்து கேட்வேக்குப் பிங் அனுப்பினாலும் பதில் வந்தது. அதே கணினியிலிருந்து வெளியே அனுப்பினால் மட்டும் பதில் இல்லை. இரண்டு பக்கமும் வழி திறந்திருக்க, நடுவில் தரவுப் பொட்டலத்தைக் கைமாற்றிவிட ஆள் இல்லை. இந்த மூன்று பிங்குகளின் முடிவு இப்படி அமைந்தால் பார்க்க வேண்டிய முதல் இடம் ஒன்றுதான் (கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்புப்படி தமிழில் எழுதுகிறேன்):

கேட் /புரோக்/சிஸ்/நெட்/ஐபிவி4/ஐபி_ஃபார்வர்டு

0 என்று வந்தது. ஒரு கார்டில் வந்த பொட்டலத்தை மறு கார்டு வழியாக அனுப்பும் வேலையைக் கர்னல் செய்யவில்லை. லினக்ஸ் கர்னலின் இயல்பான நிலையே இதுதான். கேட்டாலொழிய அது ரவுட்டராக வேலை பார்க்காது.

இந்த இடத்தில் 'புரோக்' 'சிஸ்' என்பதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பார்வைக்கு அது கோப்பகம் மாதிரி இருக்கிறது. உள்ளே கோப்புகள் இருக்கின்றன, படிக்கலாம், எழுதலாம். ஆனால் வட்டில் அப்படி எதுவும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் நினைவகத்தில் உள்ள மாறிகளைக் கோப்பு வடிவில் காட்டும் சன்னல் அது. இந்த மதிப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் 'சிஸ்சிடிஎல்' கட்டளைக்கு '-டபிள்யூ' கொடுத்து ஒரு மதிப்பை எழுதினாலும் அந்தச் சன்னல் வழியாகத்தான் எழுதுகிறோம். மதிப்பு அந்தக் கணமே அமலுக்கு வரும், மின்சாரம் போனதும் நினைவகத்தோடு போய்விடும். முதலாளிக்கு இதைச் சொல்லும்போது, கல்லாவில் சிலேட்டில் எழுதுவதற்கும் பேரேட்டில் பதிவதற்கும் உள்ள வித்தியாசம் என்றேன். அவர் உடனே பிடித்துக்கொண்டார்: "அப்படியானால் இத்தனை நாளும் பேரேட்டில் ஒருவரும் ஏற்றவில்லையா?"

ஏற்றியிருந்தார்கள் என்பதுதான் இந்தப் பழுதில் கவனிக்க வேண்டிய செய்தி. 'ஈடிசி' கோப்பகத்தில் 'சிஸ்சிடிஎல்.கான்ஃப்' என்ற கோப்பு இருந்தது. அதற்குள் மூன்று வரிகள்:

நெட்.ஐபிவி4.ஐபி_ஃபார்வர்டு = 1
நெட்.நெட்ஃபில்டர்.என்எஃப்_கான்டிராக்_யுடிபி_டைம்அவுட் = 180
நெட்.நெட்ஃபில்டர்.என்எஃப்_கான்டிராக்_யுடிபி_டைம்அவுட்_ஸ்ட்ரீம் = 180

எழுத்துப்பிழை இல்லை, மதிப்பும் சரி. இதற்கு முன் பார்த்தவர் வேலை தெரிந்தவர்தான். கோப்பில் எழுதி, 'சிஸ்சிடிஎல் -பி' என்று கொடுத்திருக்கிறார். எல்லாம் வேலை செய்திருக்கிறது, கிளம்பிவிட்டார். ஒவ்வொரு மின்தடைக்கும் பிறகு வந்து அதே கட்டளையைத் தட்டியிருக்கிறார். அவர் நம்பிய பழக்கம் பல ஆண்டுகளாகச் சரியாகவே இருந்த பழக்கம். டெபியன் 13 அந்தப் பழக்கத்தின் காலடியிலிருந்து தரையை எடுத்துவிட்டது.

கணினி எழும்போது இந்த மதிப்புகளைக் கர்னலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது 'சிஸ்டம்டி-சிஸ்சிடிஎல்' என்ற சேவை. அது 'ஈடிசி', 'ரன்', 'யுஎஸ்ஆர்/லிப்' ஆகிய இடங்களில் உள்ள 'சிஸ்சிடிஎல்.டி' கோப்பகங்களைப் படிக்கிறது. தனியாக நிற்கும் 'ஈடிசி/சிஸ்சிடிஎல்.கான்ஃப்' கோப்பை நேரடியாகப் படிக்கும் வழக்கத்தை, கணினி எழும்போது சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி 2013இல் வந்த 207ஆம் பதிப்பிலேயே விட்டுவிட்டது. ஆனால் டெபியன் 12 வரை யாருக்கும் அது உறைக்கவில்லை. காரணம், 'ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி' கோப்பகத்துக்குள் '99-சிஸ்சிடிஎல்.கான்ஃப்' என்ற பெயரில் ஒரு குறுக்கிணைப்பு இருந்தது. அது பழைய கோப்பைச் சுட்டிக்காட்டியது. சேவை அந்த இணைப்பைப் பின்தொடர்ந்து போய்ப் பழைய கோப்பைப் படித்துக்கொண்டிருந்தது. 2025 ஆகஸ்ட்டில் வெளியான டெபியன் 13இல் அந்த ஏற்பாடு இல்லை. எழும் நேரத்தில் பழைய கோப்பைத் திறந்து பார்க்க ஆள் இல்லை. வெளியீட்டுக் குறிப்பிலேயே இது சொல்லப்பட்டிருக்கிறது.

'சிஸ்சிடிஎல் -பி' என்பதோ வேறு நிரல். கோப்பின் பெயரைச் சொல்லாமல் கொடுத்தால் அது நேராகப் போய் அந்தப் பழைய கோப்பைத்தான் திறக்கும். ஆகவே கையால் தட்டும்போது எல்லாம் பொருந்துகிறது, தானாக எழும்போது எதுவும் பொருந்துவதில்லை. படிப்பவர் இருவர், அவர்கள் திறக்கும் கோப்புகளும் வேறு வேறு. இந்த ஒரு விஷயம் மனத்தில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்னொரு தடயமும் அந்தக் கோப்பிலேயே இருந்தது. டெபியன் 12 வரை இந்தக் கோப்பைத் திறந்தால் ஹாஷ் குறியிட்ட விளக்க வரிகள் பக்கம் முழுக்க நிறைந்திருக்கும். பொட்டலங்களைக் கைமாற்ற வேண்டுமானால் கீழேயுள்ள வரியின் குறியை நீக்குக என்பதுபோல் வழிகாட்டும் வரிகள் அவை. இங்கே அப்படி ஒன்றுகூட இல்லை. மூன்று வரிகள் மொட்டையாக நின்றன. தொகுப்போடு வந்த கோப்பு அன்று, இல்லாத இடத்தில் புதிதாக உருவாக்கப்பட்டது என்பதை அதுவே காட்டிக்கொடுத்தது. புதிய கணினியில் ஒரு கோப்பு இப்படி மொட்டையாக இருந்தால், இதை யார் படிக்கிறார்கள் என்ற கேள்வியை உடனே கேட்டுவிட வேண்டும்.

கேட்பதற்குக் கருவியும் இருக்கிறது: 'சிஸ்டம்டி-அனலைஸ் கேட்-கான்ஃபிக் சிஸ்சிடிஎல்.டி'. எழும் நேரத்தில் எந்தெந்தக் கோப்புகள், எந்த வரிசையில் படிக்கப்படும் என்பதை உள்ளடக்கத்தோடு கொட்டிவிடும். அந்தப் பட்டியலில் நம் வரி இல்லையென்றால் அது எழுதப்படாததற்குச் சமம். அமைப்பை மாற்றும் முன்பே நான் தட்டும் முதல் கட்டளை இது. இதைத் தெரிந்தவர்கள் நம்மிடையே இன்னும் பெருக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பழைய கோப்பைக் காலிசெய்து, மூன்று வரிகளையும் 'ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி/70-கேட்வே.கான்ஃப்' என்ற புதிய கோப்புக்கு மாற்றினேன். முன்னால் நிற்கும் எண்ணுக்குக் காரணம் உண்டு. எந்தக் கோப்பகத்தில் இருந்தாலும் எல்லாக் கோப்புகளும் பெயரின் அகரவரிசைப்படி ஒன்றாக வரிசையாகும். ஒரே மதிப்பு இரண்டு கோப்புகளில் வந்தால் பின்னால் வருவது வெல்லும். தொகுப்புகள் தரும் கோப்புகளுக்கு 10 முதல் 40 வரையும், நிர்வாகி எழுதுபவற்றுக்கு 60 முதல் 90 வரையும் எண் கொடுப்பது நல்லது என்பது சிஸ்டம்டி கையேட்டின் பரிந்துரை. ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருந்தால் 'ஈடிசி'யில் உள்ளது 'யுஎஸ்ஆர்/லிப்'பில் உள்ளதை முழுவதுமாக மறைத்துவிடும். வரி வரியாகக் கலக்காது. யாராவது வசதிக்காகத் தொகுப்புக் கோப்பின் பெயரையே தம் கோப்புக்கும் வைத்துவிட்டால், தொகுப்பு தந்த பாதுகாப்பு வரிகள் எல்லாம் ஓசையின்றிப் போய்விடும்.

மாற்றியதும் 'சிஸ்டம்டி-சிஸ்சிடிஎல்' சேவையை மறுதொடக்கம் செய்தேன். 'சிஸ்சிடிஎல் -பி' கொடுக்கவில்லை. எழும் நேரத்தில் யார் படிப்பாரோ அவரையே இப்போதும் படிக்கவைத்துப் பார்ப்பதுதான் முறை. மூன்று மதிப்புகளும் சரியாக வந்தன. பில் போனது. தொலைபேசியும் ஒலித்தது.

இத்தோடு நிறுத்தியிருந்தால் அடுத்த இடிக்குத் தொலைபேசி மறுபடி ஊமையாகியிருக்கும். கடை சாத்தும் நேரம்வரை காத்திருந்து, கணினியை முழுமையாக மறுதொடக்கம் செய்யக் கேட்டேன். கணக்குப் பார்க்கும் பெண், "அண்ணா, வேலை செய்வதை எதற்கு அணைக்கிறீர்கள்?" என்று தயங்கினார். நியாயமான தயக்கம்தான். ஆனாலும் அந்த ஒரு சோதனைக்கு மாற்று கிடையாது.

எழுந்ததும் பார்த்தால் ஐபி_ஃபார்வர்டு 1 என்று நிலைத்திருந்தது. கான்டிராக் மதிப்புகள் இரண்டும் போயிருந்தன. 180 இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று 30, மற்றொன்று 120. இரண்டும் கர்னலின் இயல்பு மதிப்புகள். ஒரே கோப்பு, அடுத்தடுத்த வரிகள். ஒன்று ஏறியது, மற்றவை ஏறவில்லை.

இந்த மதிப்புகள் எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடையின் ஐபி தொலைபேசி வெளியே உள்ள சேவையகத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைப் பதிவுசெய்துகொள்கிறது. யுடிபி என்ற நெறிமுறையில் நடக்கும் அந்த உரையாடலைக் கர்னல் தன் இணைப்புப் பட்டியலில் குறித்து வைத்திருக்கும். வெளியிலிருந்து அழைப்பு வரும்போது அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் எந்த உள் கருவிக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கும். குறிப்பின் ஆயுள் 30 வினாடி என்றால், பதிவுசெய்த அரை நிமிடத்தில் அது அழிந்துவிடும். மிச்ச ஒன்றரை நிமிடத்துக்கு வெளியிலிருந்து வரும் அழைப்புக்குப் போக இடமில்லை. கடையிலிருந்து வெளியே அழைத்தால் போகும், வெளியிலிருந்து வந்தால் சில வேளை கிடைக்கும், பல வேளை கிடைக்காது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சுங்கை பட்டாணியிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும் சில்லறைக் கடைக்காரர்கள் சரக்குக்குத் தொலைபேசியில்தான் சொல்கிறார்கள். அப்போது இந்த ஒன்றரை நிமிட ஊமைத்தனம் நேரடியாக வியாபாரத்தைத் தொடும்.

ஏன் ஏறவில்லை என்பதற்கு விடை, கணினியின் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஜர்னல் பதிவில் கிடந்தது. 'ஜர்னல்சிடிஎல் -பி -யு சிஸ்டம்டி-சிஸ்சிடிஎல்' என்று கொடுத்தபோது, 180 என்ற மதிப்பை நெட்ஃபில்டர் கோப்பில் எழுத முடியவில்லை, புறக்கணிக்கப்படுகிறது, அப்படி ஒரு கோப்போ கோப்பகமோ இல்லை என்ற பொருளில் வரிகள் வந்தன. ஆனால் சேவையின் நிலையைக் கேட்டால் பச்சையாக, வெற்றி என்றே காட்டியது. இல்லாத கோப்பில் எழுத நேர்ந்தால் அதைக் குறித்துவிட்டு மேலே போவது அந்தச் சேவையின் இயல்பு. ஒரு வரி ஏறாததற்காகக் கணினி எழுவதையே அது தடுக்காது. சரியான முடிவுதான். ஆனால் பச்சை விளக்கை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர் இதைப் பார்க்க மாட்டார்.

கோப்பு ஏன் இல்லை? மின்சாரம் வந்த முதல் வினாடிகளை மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். ஐபி_ஃபார்வர்டு கர்னலின் மையப் பகுதியைச் சேர்ந்தது. கர்னல் எழுந்த கணத்திலிருந்தே அந்தச் சன்னல் இருக்கிறது. இணைப்புப் பட்டியல் அப்படியன்று. அதை நடத்துவது 'என்எஃப்_கான்டிராக்' என்ற தனி மாட்யூல், அதாவது தேவைப்படும்போது கர்னலோடு சேரும் துண்டு. அந்த மாட்யூல் ஏறிய பிறகுதான் 'நெட்ஃபில்டர்' கோப்பகத்தில் அதன் கோப்புகளே உருவாகும். இந்தக் கணினியில் அதை ஏற்றுவது யார் என்றால் தீச்சுவர். 'என்எஃப்டேபிள்ஸ்' சேவை எழுந்து, விதிகளைக் கர்னலுக்குள் செலுத்தும்போது, ஒரு விதியில் இணைப்பின் நிலையைப் பார்க்கச் சொல்லியிருப்பதால் கர்னல் அந்த மாட்யூலைத் தேடி ஏற்றுகிறது.

'சிஸ்டம்டி-சிஸ்சிடிஎல்'லும் 'என்எஃப்டேபிள்ஸ்'ஸும் இரண்டுமே மிக முன்கூட்டியே எழும் சேவைகள். எது முன், எது பின் என்று அவற்றுக்கிடையே உடன்பாடு எதுவும் எழுதப்படவில்லை. இந்தக் கணினியில் மதிப்பு எழுதுபவர் முந்திக்கொண்டார். அவர் வந்து பார்த்தபோது கோப்பு இல்லை. அடுத்த கணம் தீச்சுவர் வந்தது, மாட்யூல் ஏறியது, 30 என்ற இயல்பு மதிப்போடு கோப்பு பிறந்தது. திரும்பி வந்து பார்க்க யாரும் இல்லை. வேறொரு கணினியில், வேறொரு வட்டில் வரிசை மாறி, மதிப்பு தற்செயலாக ஏறிவிடவும் கூடும். என் அனுபவத்தில் இந்த வகைப் பழுதிலேயே மிகவும் தொல்லை தருவது அந்தத் தற்செயல்தான். பத்து முறை சரியாக எழுந்துவிட்டு, பதினோராவது முறை கைவிடும்.

கையால் தட்டும்போது ஏன் எப்போதும் சரியாக வந்தது என்பதும் இப்போது விளங்கும். ஆள் வந்து கட்டளை கொடுக்கும் நேரத்தில் மாட்யூல் ஏறி வெகுநேரம் ஆகியிருக்கும். சேவையை மட்டும் மறுதொடக்கம் செய்து பார்த்தாலும் அதே நிலைதான். ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் செய்யும் எந்தச் சோதனையும் எழும் வரிசையைக் காட்டாது.

தீர்வு ஒரே வரிதான். 'ஈடிசி/மாட்யூல்ஸ்-லோட்.டி/கேட்வே.கான்ஃப்' என்ற கோப்பை உருவாக்கி, அதில் இப்படி எழுதினேன்:

என்எஃப்_கான்டிராக்

இந்தக் கோப்பகத்தைப் படித்து மாட்யூல்களை ஏற்றுவது 'சிஸ்டம்டி-மாட்யூல்ஸ்-லோட்' சேவை. மதிப்பு எழுதும் சேவை தனக்கு முன் இது முடிந்திருக்க வேண்டும் என்று தன் வரையறையிலேயே சொல்லிவைத்திருக்கிறது. ஆகவே இங்கே தற்செயலுக்கு இடமில்லை. மாட்யூல் ஏறும், கோப்பு பிறக்கும், அதன் பிறகே மதிப்பு எழுதப்படும். தீச்சுவர் எப்போது வந்தாலும் கவலையில்லை.

இதே நோய் பிரிட்ஜ் (நெட்வொர்க்குகளை இணைக்கும் மென்பொருள் பாலம்) அமைப்புகளிலும் வரும். கன்டெய்னர்களையோ மெய்நிகர் கணினிகளையோ ஓட்டுபவர்கள் 'பிரிட்ஜ்-என்எஃப்-கால்-ஐபிடேபிள்ஸ்' என்ற மதிப்பை எழுதி வைத்திருப்பார்கள். கர்னல் 3.18இல் அந்த வேலை 'பிஆர்_நெட்ஃபில்டர்' என்ற தனி மாட்யூலுக்குப் பிரிந்து போனதிலிருந்து, அந்த மாட்யூல் ஏறாத வரை அந்த மதிப்பு எழுதப்பட இடமே இல்லை. மருந்தும் அதேதான். மாட்யூல் பெயரை முன்கூட்டியே ஏற்றும் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும். மாட்யூல் தேவைப்படும்போது மட்டும் ஏறட்டும் என்று நினைப்பவர்கள், அது ஏறும் கணத்தில் மதிப்பு எழுதும் நிரலை ஓட்டச்சொல்லி, கருவிகளின் வரவைக் கவனிக்கும் யூடெவ் சேவைக்கு விதி ஒன்று எழுதலாம். கையேடு இரண்டையும் காட்டுகிறது. எப்போதும் ஓடும் ஒரு கேட்வேக்கு முதல் வழியே போதும். படிப்பவருக்கும் ஒரு வரியில் புரியும்.

கணினி எழும்போது ஓடும் 'ஆர்சி.லோக்கல்' கோப்பில் முப்பது வினாடி தூங்கச் சொல்லிவிட்டு மதிப்பை எழுதும் வழக்கத்தைப் பல இடங்களில் பார்க்கிறேன். நண்பர்கள் இதைப் பரிந்துரைக்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. முப்பது வினாடி என்பது ஒரு ஊகம். வட்டு தேய்ந்து கணினி மெதுவானால் ஊகம் பொய்க்கும். அந்த முப்பது வினாடிக்குள் பழைய இயல்பு மதிப்புகளோடு உருவான இணைப்புகள் வேறு இருக்கும். அந்தக் கோப்புக்கு இயக்க அனுமதி இல்லாவிட்டால் சிஸ்டம்டி அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. வரிசையை வரிசையாகவே எழுத வழி இருக்கும்போது கடிகாரத்தை நம்ப வேண்டியதில்லை.

கேமராக்களுக்கென்று இந்தக் கடையில் தனி விலான் (ஒரே கம்பியில் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்) இருக்கிறது. அந்த இடைமுகத்தின் பெயர் 'ஈஎன்பி2எஸ்0.20'. கேமராக்களுக்கு ஐபிவி6 தேவையில்லை, நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தோம். இங்கே ஒரு நுணுக்கம். பெயருக்குள்ளேயே புள்ளி இருப்பதால், வழக்கம்போல் புள்ளி வைத்துப் பிரித்து எழுதினால், 20 என்பதைத் தனிக் கோப்பகம் என்று நிரல் எடுத்துக்கொள்ளும். சாய்கோடு வைத்து எழுதினால் புள்ளி பெயரின் பகுதியாகவே நிற்கும்:

நெட்/ஐபிவி6/கான்ஃப்/ஈஎன்பி2எஸ்0.20/டிஸேபிள்_ஐபிவி6 = 1

முதலில் வரும் பிரிப்பான் சாய்கோடாக இருந்தால் பின்னால் வரும் புள்ளிகளை நிரல் தொடாது என்பது விதி. விலான் இடைமுகம் தாமதமாகத்தானே பிறக்கிறது, மாட்யூல் கதை இங்கும் திரும்பாதா என்று கேட்கத் தோன்றும். திரும்பாது. புதிய இடைமுகம் ஒன்று தோன்றும்போதெல்லாம் அதற்குரிய மதிப்புகளை மட்டும் மறுபடி எழுதச்சொல்லும் யூடெவ் விதி சிஸ்டம்டியோடே வருகிறது.

மூன்றாவதாக ஒரு சங்கதி, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில நாட்களில் இணையப் பக்கத்து நெட்வொர்க் கார்டு திடீரென்று உறைந்துபோவதும் புகாரில் இருந்தது. கணினி முன்பு எழுந்த எழுச்சிகளின் பதிவைப் புரட்டினேன். 'ஜர்னல்சிடிஎல் --லிஸ்ட்-பூட்ஸ்' ஒவ்வொரு எழுச்சியையும் தேதியோடு காட்டும், ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் கர்னல் எந்த வரியோடு எழுப்பப்பட்டது என்பது இருக்கும். ஒரே ஓர் எழுச்சியில் மட்டும் 'பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப்' என்ற, கார்டு இணைப்பின் மின்சேமிப்பு பற்றிய சொல் இருந்தது. அந்த எழுச்சி முழுவதும் கார்டு உறையவில்லை. யாரோ கர்னலை எழுப்பும் நிரலான கிரப்பின் திரையில் 'ஈ' விசையை அழுத்தி, அந்த வரியைச் சேர்த்து எழுப்பியிருக்கிறார். அந்தத் திரையில் எழுதுவது அந்த ஒரு எழுச்சிக்கு மட்டுமே. மருந்து சரியாக இருந்தும் அடுத்த மின்தடையோடு போய்விட்டது.

'ஈடிசி/டீஃபால்ட்/கிரப்' கோப்பில் 'கிரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டீஃபால்ட்' என்ற வரியின் மேற்கோள்குறிக்குள் அதைச் சேர்த்து, 'அப்டேட்-கிரப்' கட்டளையை ஓட்டினேன். இரண்டாவது படி முக்கியம். கணினி எழும்போது இந்தக் கோப்பைப் படிப்பதில்லை, இதிலிருந்து தயாரிக்கப்படும் வேறொரு கோப்பைத்தான் படிக்கிறது. எழுந்த பிறகு 'புரோக்/சிஎம்டிலைன்' கோப்பில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்தால் உறுதியாகிவிடும். அந்த மின்சேமிப்பைக் கர்னல் கையாளாமல் விடுவதால் கொஞ்சம் கூடுதல் மின்சாரம் செலவாகலாம். நாள் முழுதும் ஓடும் ஒரு கேட்வேயில் அந்தச் செலவை மனமார ஏற்கலாம்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சிறிய ஷெல் நிரல் எழுதி வைத்தேன். '70-கேட்வே.கான்ஃப்' கோப்பில் உள்ள ஒவ்வொரு வரியையும் எடுத்து, ஓடும் கர்னலின் மதிப்போடு ஒப்பிட்டு, மாறுபட்டால் மட்டும் அச்சிடும். கோப்பில் எழுதியிருப்பதும் கர்னலில் ஓடுவதும் ஒன்றாக இருக்கும் என்று நம்புவதற்குப் பதிலாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள ஓர் அச்சகத்தில் இதே நிரல்தான் உதவியது. அங்கே, வரக்கூடாத முகவரியோடு வரும் பொட்டலங்களைப் பதிவில் குறிக்கச் சொல்லும் 'லாக்_மார்ஷியன்ஸ்' என்ற மதிப்பு கோப்பில் 1, ஓடும் கர்னலில் 0. கோப்பு படிக்கப்பட்டது, மதிப்பும் ஏறியது, அதற்குப் பிறகு யூஎஃப்டபிள்யூ தீச்சுவர் எழுந்து, 'ஈடிசி/யூஎஃப்டபிள்யூ' கோப்பகத்தில் தனக்கென வைத்திருக்கும் 'சிஸ்சிடிஎல்.கான்ஃப்' கோப்பிலிருந்து 0 என்று மேலெழுதிவிட்டது. அப்படிப்பட்ட கணினியில் மாற்றத்தை அந்தக் கோப்பில்தான் செய்ய வேண்டும்.

கடைசிச் சோதனைக்கு மறுதொடக்கக் கட்டளை கொடுக்கவில்லை. கோப்புகள் வட்டில் முழுமையாக எழுதப்படும்வரை பொறுத்து, முதலாளியையே அழைத்து மின்கசிவுத் தடுப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்தச் சொன்னேன். கடை இருண்டது. தடுப்பானை அவரே ஏற்றினார். கணினி தானாக எழுந்தது. மின்சாரம் திரும்பியதும் தானே எழும்படி பயாஸில் ஏற்கெனவே அமைத்திருந்தார்கள், அதை மட்டும் ஒருமுறை உறுதிசெய்துகொண்டோம். ஒப்பிடும் நிரல் எதையும் அச்சிடவில்லை. கணக்கு அறையில் இருந்த பெண் தம் கைப்பேசியிலிருந்து கடை எண்ணுக்கு அழைத்தார். பதிவு நடந்து ஒரு நிமிடம் கடந்த பிறகே அழைக்கச் சொல்லியிருந்தேன், ஏனென்றால் 30 வினாடிப் பழுது அப்போதுதான் தெரியும். கல்லா மேசையில் இருந்த தொலைபேசி ஒலித்தது.

இந்தக் கடைக்குப் பிறை என்ற ஊரில் ஒரு கிடங்கு இருக்கிறது. அங்குள்ள கணினி இன்னும் டெபியன் 12. மதிப்புகள் எல்லாம் பழைய 'சிஸ்சிடிஎல்.கான்ஃப்' கோப்பிலேயே இருக்கின்றன, குறுக்கிணைப்பின் தயவில் இன்றுவரை ஏறுகின்றன. அதை 13க்கு ஏற்றும் முன்பே வரிகளை 'சிஸ்சிடிஎல்.டி' கோப்பகத்துக்கு மாற்றி, 12லேயே ஒருமுறை மறுதொடக்கம் செய்து பார்த்துவிட வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். அப்படிச் செய்தால், ஏற்றிய பிறகு எது கெட்டாலும் அது இந்தக் காரணத்தால் அன்று என்பது தெளிவாக இருக்கும். தைப்பூச விடுமுறையில் கிடங்கு மூடியிருக்கும்போது செய்துகொள்ளலாம் என்றார்.